கேட்டுக்கு வெளியே முதல் பத்து நாள்: போதை மறுவாழ்வு மையங்களுக்கு ஒரு திறந்த மடல்

தமிழ்நாடு மக்கள் நல்வாழ்வுத் துறை அதிகாரிகளுக்கும், மாநிலம் முழுக்கப் போதை மறுவாழ்வு மையங்களை நடத்தும் டாக்டர்கள், கவுன்சலர்கள், நிர்வாகிகள் எல்லோருக்கும்,

வணக்கம். நான் வடசென்னையில் டூவீலர் மெக்கானிக்காக இருக்கிறேன். வலி மாத்திரையை ஊசியில் ஏற்றிப் போட்டுக்கொண்டிருந்தவன். அதை விட்டு ஐந்து வருடம் தாண்டிவிட்டது. அதற்கு முன் மூன்று முறை மறுவாழ்வு மையங்களில் சேர்ந்தேன். மூன்று முறையும் வெளியே வந்து மறுபடி போட்டேன். நான்காவது முறை நின்றது. முதல் மூன்று முறை ஏன் நிற்கவில்லை, நான்காவது முறை எப்படி நின்றது என்று நிறைய யோசித்திருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் என்னைப் போல் விட்டவர்கள் பத்துப் பன்னிரண்டு பேர் கூடிப் பேசுவோம். அங்கேயும் சுற்றிச் சுற்றி இதே பேச்சுத்தான். ஒவ்வொருவர் கதையும் கடைசியில் ஒரே இடத்தில் வந்து முட்டும். அது உங்கள் மையத்தின் கேட்.

உள்ளே நீங்கள் செய்வதைக் குறை சொல்ல வரவில்லை. முதல் வாரம் உடம்பு முறுக்கி, மூக்கு ஒழுகி, வயிற்றால் போய், ராத்திரி முழுக்கக் காலை உதைத்துக்கொண்டு கிடந்தபோது முகம் சுளிக்காமல் துணி மாற்றிவிட்ட வார்டு அண்ணனை என்னால் மறக்க முடியாது. ஆனால் முப்பது நாளோ நாற்பது நாளோ முடிந்து அனுப்பும்போது என்ன நடக்கிறது? பையைக் கொடுப்பீர்கள். வாங்கி வைத்திருந்த செல்போனைக் கொடுப்பீர்கள். தூக்கத்துக்கு ஓர் அட்டை மாத்திரை, பாக்கிப் பணத்துக்குக் கணக்கு. "நல்லா இருப்பா, திரும்ப இங்க வந்துடாதே" என்று தோளில் தட்டுவீர்கள். அன்போடு சொல்வதுதான், தெரியும். அந்த வார்த்தை எங்கள் காதில் எப்படி விழுகிறது என்பதைப் பிறகு சொல்கிறேன். நான் இருந்த மூன்று மையங்களிலும் இதற்கெல்லாம் சேர்த்துக் கால் மணி நேரம்கூட ஆகவில்லை.

இரண்டாவது முறை சேர்ந்தபோது பக்கத்துக் கட்டிலில் ஒரு பையன் இருந்தான். என்னைவிடச் சின்னவன். மையத்திலேயே நல்ல பெயர் அவனுக்குத்தான். காலையில் எல்லோருக்கும் முன்னால் எழுந்து பாய் சுருட்டுவான். வகுப்பில் கேட்ட கேள்விக்கெல்லாம் பதில் சொல்வான். புதிதாக வந்து நடுங்கிக்கொண்டிருப்பவர்கள் பக்கத்தில் போய் உட்கார்ந்து கால் அமுக்கிவிடுவான். அவன் வெளியே போன நாளில் எல்லோரும் எழுந்து நின்று கை தட்டினோம். ஆறாம் நாள் இறந்துவிட்டான்.

அவனுடைய அம்மாவைப் பிறகு போய்ப் பார்த்தேன். ராத்திரி பத்து மணிக்கு அவனிடமிருந்து பெரிய குறட்டைச் சத்தம் கேட்டதாகச் சொன்னார்கள். நாற்பது நாள் வெளியிடத்தில் படுத்தவன், இப்போதுதான் வீட்டில் நிம்மதியாகத் தூங்குகிறான் என்று நினைத்திருக்கிறார்கள். ஃபேன் காற்று அதிகம் என்று போர்வையை இழுத்து மூடிவிட்டு வந்திருக்கிறார்கள். விடியற்காலையில் தொட்டபோது உடம்பு சில்லென்று இருந்ததாம்.

அந்தக் குறட்டை தூக்கத்தின் சத்தம் இல்லை. மூச்சு அடங்கிக்கொண்டு வரும் சத்தம். எழுப்பினால் எழுந்திருக்க மாட்டான், உதடு நீலமாகும், கண்ணைத் திறந்து பார்த்தால் கருமணி ஊசிமுனை அளவுக்குச் சுருங்கியிருக்கும். அப்போதே 108-ஐக் கூப்பிட்டிருந்தால், நலாக்சோன் என்ற ஊசியைப் போட்டிருந்தால், மூச்சு திரும்பியிருக்க வாய்ப்பு உண்டு. அந்த அம்மாவுக்கு இதில் எதுவும் தெரியாது. யாரும் சொல்லவில்லை. அவனுக்கும் சொல்லவில்லை, எனக்கும் சொல்லவில்லை. அவன் அன்றைக்குப் போட்டது புதிதாக ஒன்றுமில்லை, முன்பு வழக்கமாகப் போட்ட அதே அளவுதான் என்று அவனுடைய சிநேகிதர்கள் சொன்னார்கள். கொன்றது அந்தப் பழைய அளவுதான். நாற்பது நாள் சுத்தமாக இருந்த உடம்புக்கு அதைத் தாங்கும் சக்தி போயிருந்தது. நீங்கள் கொடுத்த தூக்க மாத்திரையும் உள்ளே இருந்தால் மூச்சு இன்னும் சீக்கிரம் அடங்கும்.

இது உலகத்துக்குத் தெரியாத ரகசியம் இல்லை என்பது எனக்குப் பல வருடம் கழித்துத்தான் தெரிந்தது. லண்டனில் ஜான் ஸ்ட்ராங் என்ற டாக்டரும் அவரோடு வேலை செய்தவர்களும், மருத்துவமனையில் தங்கி ஓபியாய்டு (ஹெராயின் மாதிரி அபின் வகைப் போதை) பழக்கத்துக்குச் சிகிச்சை எடுத்த 137 பேரைப் பின்தொடர்ந்து பார்த்து 2003-இல் எழுதினார்கள். வெளியே வந்த நான்கு மாதத்துக்குள் மூன்று பேர் போதை மருந்தை அளவு மீறிப் போட்டு இறந்திருந்தார்கள். மூன்று பேருமே சிகிச்சையை ஒழுங்காக முடித்து, உடம்பிலிருந்து போதை முழுக்க இறங்கிய 37 பேரில் இருந்தவர்கள். பாதியில் ஓடிப்போனவர்களில் ஒருவர்கூட அப்படிச் சாகவில்லை. முதல் முறை இதைப் படித்தபோது பக்கத்துக் கட்டில் பையன் பாய் சுருட்டிய காட்சி கண் முன்னால் வந்தது. நல்ல பிள்ளையாக முடித்தவன்தான் அதிக ஆபத்தில் இருக்கிறான் என்றால், அவனுக்குக் கை தட்டி அனுப்பும் நாளில் நாம் எவ்வளவு பயந்திருக்க வேண்டும்?

அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் சிறையிலிருந்து விடுதலையானவர்களைப் பற்றிய ஆய்வு ஒன்று 2007-இல் வந்தது. விடுதலையான முதல் இரண்டு வாரத்தில் அளவு மீறிச் சாகும் ஆபத்து அவர்களுக்கு மற்ற ஜனங்களைவிட 129 மடங்கு இருந்தது. ஜெயிலோ ஆஸ்பத்திரியோ, பூட்டிய கதவுக்குப் பின்னால் இருந்து வருகிறவனுக்கு முதல் நாட்கள் இப்படித்தான்.

இதை ஒரு மையத்தின் கவுன்சலரிடம் பேசிப் பார்த்தேன். "அளவைப் பற்றியெல்லாம் பேசினா, மறுபடி போடலாம்னு நாமே வழி காட்டின மாதிரி ஆயிடும் தம்பி" என்றார். அவர் நல்ல மனிதர், அவருடைய பயமும் நியாயமானதுதான். ஆனால் என் பட்டறையில் என்ன செய்கிறேன் என்று சொல்கிறேன். என்ஜின் போர் பண்ணின வண்டியை டெலிவரி கொடுக்கும்போது, "முதல் ஐந்நூறு கிலோமீட்டர் நாற்பதுக்கு மேல போகாதீங்க, டபுள்ஸ் ஏத்தாதீங்க, ஐந்நூறு ஓடினதும் ஆயில் மாத்தக் கொண்டு வாங்க" என்று சொல்லி, ஓர் அட்டையில் தேதி எழுதி ஹேண்டில்பாரில் கட்டித்தான் அனுப்புவேன். சொல்லாமல் விட்டால் அந்த ஆள் பழைய வேகத்திலேயே முறுக்குவார், பிஸ்டன் சீஸ் ஆகும். வண்டிக்கே இத்தனை சொல்லி அனுப்புகிறோம். மனிதனை அனுப்பும்போது, "தம்பி, உன் உடம்பு இப்போது புது உடம்பு, ஒருவேளை நீ தவறினால் பழைய அளவு உன்னைக் கொன்றுவிடும், தனியாக இருக்காதே, உடனே எங்களைக் கூப்பிடு" என்று ஏன் சொல்லக் கூடாது? அதைக் கேட்டுப் போதைக்குத் திரும்பியவன் ஒருவனையும் எனக்குத் தெரியாது. கேட்காமல் செத்தவனைத் தெரியும்.

சட்டம் உங்கள் கையிலேயே இருக்கிறது. 2017-இல் இயற்றி 2018-இல் நடைமுறைக்கு வந்த மனநல பராமரிப்புச் சட்டம், மது, போதைப் பழக்கத்தோடு வரும் மனநிலைப் பாதிப்பையும் மனநோய் என்ற வரையறைக்குள் சேர்த்திருக்கிறது. அதே சட்டத்தின் 98-ஆம் பிரிவு டிஸ்சார்ஜ் திட்டத்தைப் பற்றியது. நோயாளியை வெளியே அனுப்பும் முன், பொறுப்பில் இருக்கும் மனநல மருத்துவர் அவரோடும், அவர் யாருடன் போய்த் தங்கப் போகிறாரோ அந்தக் குடும்பத்தாரோடும் கலந்து பேசி, இனி சிகிச்சை எப்படித் தொடரும் என்று ஒரு திட்டம் வகுக்க வேண்டும். எல்லா டிஸ்சார்ஜுக்கும் இது பொருந்தும் என்று அந்தப் பிரிவே சொல்கிறது. சிகிச்சைக்கும் வீட்டுக்கும் நடுவில் தங்க இடைநிலை இல்லங்களை அரசு ஏற்படுத்த வேண்டும் என்பதும் 18-ஆம் பிரிவில் இருக்கிறது. நான் புதிதாக எதையும் கேட்கவில்லை. எழுதி வைத்திருப்பதைச் செய்யுங்கள் என்றுதான் கேட்கிறேன்.

ஒரு திட்டம் எப்படி இருக்கும் என்று எனக்குக் காட்டியது நான்காவது முறைதான். அதைச் சொல்ல மூன்றாவது முறையிலிருந்து தொடங்க வேண்டும்.

மூன்றாவது முறை வெளியே வந்த இரண்டாம் நாள் மத்தியானம். நல்ல வெயில். தண்ணீர் குடிக்க ஃப்ரிட்ஜைத் திறந்தேன். கதவுத் தட்டில் அம்மாவின் இன்சுலின் பாட்டிலும், பக்கத்தில் ஊசி பாக்கெட்டும் இருந்தன. அம்மாவுக்குச் சுகர் பல வருடமாக உண்டு. அந்த ஊசி எப்போதும் அங்கேதான் இருக்கும். அதைப் பார்த்ததும் என்ன ஆனது என்று சொன்னால், பழக்கம் இல்லாதவர்களுக்குப் புரியுமா தெரியவில்லை. நாக்கில் மாத்திரையின் கசப்பு வந்தது. வயிறு கலக்கி, கை தானாக முழங்கை மடிப்பைத் தடவியது. ஒரு யோசனையும் இல்லாமல் சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டேன். கால் மணி நேரத்தில் பழைய இடத்தில் இருந்தேன்.

மனஉறுதி இல்லாதவன் என்று என்னை அன்றைக்கு எல்லோரும் சொன்னார்கள். நானும் அப்படித்தான் நம்பினேன். உண்மையில் எனக்கு அன்று காலைவரை மனஉறுதி நிறையவே இருந்தது. ஃப்ரிட்ஜைத் திறந்தால் என்ன செய்வது என்ற யோசனைதான் இல்லை.

வியட்நாம் போரில் இருந்த அமெரிக்கச் சிப்பாய்கள் நிறைய பேர் அங்கே ஹெராயினுக்கு அடிமையாகிவிட்டார்கள். 1971-இல் ஊர் திரும்பியவர்களை லீ ராபின்ஸ் என்ற பெண் ஆய்வாளர் தேடிப் பிடித்து விசாரித்தார். அங்கே அடிமையாக இருந்தவர்களில் முதல் வருடத்தில் மறுபடி அடிமையானவர்கள் நூற்றுக்கு ஐந்து பேர் அளவுதான், மூன்று வருடத்தில் பன்னிரண்டு பேர் அளவு. எல்லோரும் ஆச்சரியப்பட்டார்கள். அவர்கள் போதையை விட்டபோது அந்த ஊர், அந்தத் தெரு, அந்தக் கூட்டாளி, அந்தச் சூழல் எல்லாவற்றையும் கடலுக்கு அந்தப் பக்கம் விட்டுவிட்டு வந்தார்கள் என்பது அதற்கு ஒரு முக்கியமான காரணம். நாங்கள் நேர் எதிர். சுத்தமாகிற இடம் ஊருக்கு வெளியே காம்பவுண்டு சுவருக்குள். திரும்பி வருகிற இடம் போட்ட அதே தெரு, அதே பாலத்தடி, அதே ஃப்ரிட்ஜ். சனிக்கிழமை கூலி கைக்கு வந்ததும் கால் போகும் வழி எங்கள் உடம்புக்கு மனப்பாடம். மாத்திரை அட்டையைப் பிதுக்கும் அந்தச் சின்னச் சத்தம், யாரோ தலைவலி மாத்திரை எடுக்கும்போது கேட்டால்கூட எனக்கு முதல் வருடத்தில் முதுகு வியர்க்கும்.

நான்காவது முறை ஓர் அரசு மருத்துவமனையில் சேர்ந்தேன். டிஸ்சார்ஜுக்கு நான்கு நாள் முன்பே டாக்டரம்மா ஒருவர் அம்மாவையும் என்னையும் உட்கார வைத்து ஒன்றரை மணி நேரம் பேசினார். வீட்டுக்குப் போகும்போது எந்த வழியாகப் போவாய்? அந்த வழியில் என்ன இருக்கிறது? வேறு பஸ் உண்டா? சாயங்காலம் ஆறிலிருந்து ஒன்பதுவரை வீட்டில் யார் இருப்பார்கள்? கூலி யார் கையில் கொடுக்கப்படும்? நீ வந்தது தெரிந்ததும் முதலில் உன்னைப் பார்க்க வருபவன் யார்? அவன் கதவைத் தட்டினால் யார் திறப்பது, என்ன சொல்வது? அப்புறம் பேச்சுவாக்கில் கேட்டார்: "வீட்டுல யாருக்காவது சுகர் இருக்கா? இன்சுலின் போடறாங்களா?"

நானும் அம்மாவும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். மூன்று மையத்தில் யாரும் கேட்காத கேள்வி அது. அன்று முதல் அம்மாவின் இன்சுலின் பக்கத்து வீட்டு அக்காவின் ஃப்ரிட்ஜுக்குப் போனது. வேளைக்கு வேளை அம்மா அங்கே போய்ப் போட்டுக்கொண்டு வந்தார்கள். இரண்டு வருடம் அப்படியே நடந்தது. செலவு ஒரு பைசா இல்லை.

அம்மாவிடம் டாக்டரம்மா தனியாகவும் பேசினார். அதற்கு முந்தைய முறைகளில், வீட்டுக்குள் நுழைந்தாலே "கையைக் காட்டு" என்பார்கள். பாத்ரூமில் ஐந்து நிமிடம் அதிகமானால் கதவைத் தட்டுவார்கள். டீக்குப் பத்து ரூபாய் கேட்டால் எதற்கு என்று நான்கு கேள்வி. அவர்களைச் சொல்லிக் குற்றமில்லை, தாலிச் சரடுவரை நான் விற்றவன். ஆனால் அந்தச் சந்தேகப் பார்வை ஒவ்வொன்றும் எனக்குள் கோபமாக ஏறும். எங்கள் கூட்டத்தில் சொல்வோம்: பசி, கோபம், தனிமை, அசதி, இந்த நாலில் எது வந்தாலும் உஷாராகிவிடு என்று. வீட்டில் நடக்கும் சண்டை நாலையும் ஒரே நேரத்தில் கொண்டுவந்துவிடும். டாக்டரம்மா சொன்ன ஏற்பாடு எளிமையானது. கூலி அம்மா கையில், தினம் ஐம்பது ரூபாய் கேள்வி கேட்காமல் என் கையில். வாரம் ஒரு நாள் சிறுநீர்ப் பரிசோதனை ஆஸ்பத்திரியில், வீட்டில் சோதனை கிடையாது. என்னைக் கண்காணிக்கும் வேலையை அம்மாவிடமிருந்து அவர் எடுத்துக்கொண்டார். அதன் பிறகு அம்மா எனக்கு அம்மாவாக இருக்க முடிந்தது.

மருந்தைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் இதில் உங்களிலேயே பலருக்குத் தயக்கம் இருக்கிறது. போதை ஏக்கத்தை அடக்க, எனக்கு நாக்குக்கு அடியில் வைக்கும் பியூப்ரனார்பின் மாத்திரை பதினான்கு மாதம் கொடுத்தார்கள். தினமும் காலையில் போய், நர்ஸ் முன்னால் வாயில் வைத்துக் கரையும்வரை உட்கார்ந்துவிட்டு, அப்புறம் பட்டறைக்குப் போவேன். போதைக்குப் பதில் இன்னொரு போதை என்று இதை ஒதுக்கும் மையங்கள் உண்டு. "மாத்திரை சாப்பிட்டா நீ சோபர் இல்ல" என்று என்னிடமே சொன்னவர்கள் உண்டு. எனக்கு அது போதை தரவில்லை, காலையில் வேலைக்குப் போகும் உடம்பைத் தந்தது. உலக சுகாதார நிறுவனம் 2005-லேயே இதை அத்தியாவசிய மருந்துகளில் சேர்த்துவிட்டது. ஊசி போடுபவர்களுக்காகத் தேசிய எய்ட்ஸ் கட்டுப்பாட்டு அமைப்பே இதை இலவசமாகக் கொடுக்கிறது. பல நாட்டு ஆய்வுகளைத் தொகுத்து 2017-இல் வந்த கணக்கு ஒன்று உண்டு: இந்த மருந்தில் இருக்கும்போது ஆயிரம் பேரில் வருடத்துக்கு 4.3 பேர் இறந்தால், நிறுத்திய பிறகு 9.5 பேர் இறக்கிறார்கள். இந்த மருந்து தேவைப்படும் ஒருவரை அது இல்லாமல் வெளியே அனுப்புவதும், தொடர்ந்து எங்கே வாங்குவது என்று சொல்லாமல் அனுப்புவதும் ஒன்றுதான். மதுரையில் சேர்த்து ராமநாதபுரத்துக்கு அனுப்புகிறீர்கள் என்றால், ராமநாதபுரத்தில் அது எங்கே கிடைக்கும், அங்கே யாரைப் பார்க்க வேண்டும் என்று அந்தச் சீட்டில் இருக்க வேண்டும்.

இப்போது அந்த "திரும்ப இங்க வந்துடாதே"வுக்கு வருகிறேன்.

முழுக்க நனைந்தவனுக்கு முக்காடு எதற்கு என்று நம் ஊரில் சொல்வார்கள். மறுபடி ஒரு முறை போட்டவன் மனதில் ஓடுவது அச்சு அசல் அதுதான். ஒரு தரம் போட்டாச்சு, மானம் போச்சு, அம்மா அழுத அழுகையெல்லாம் வீண், இனி பத்துத் தரம் போட்டால் என்ன? ஆலன் மார்லட் என்ற அமெரிக்க உளவியலாளர், போதையை விட்டவர்கள் ஏன் திரும்புகிறார்கள் என்று ஆராய்ந்தவர். சறுக்குவது வேறு, விழுந்து கிடப்பது வேறு என்று பிரித்துக் காட்டியது அவருடைய பெரிய உதவி. ஒரு சறுக்கலை முழு வீழ்ச்சியாக்குவது பெரும்பாலும் போதைப்பொருள் இல்லை, அந்த அவமானம்தான் என்றார். சறுக்கியவன் அன்று ராத்திரியே உங்கள் வாசலுக்கு வந்துவிட்டால் ஒரு நாள் தவறோடு முடிந்துவிடும். ஆனால் எந்த முகத்தை வைத்துக்கொண்டு வருவான்? வராதே என்றுதானே அனுப்பினீர்கள்.

வந்தால் என்ன நடக்கிறது என்பதையும் நான் பார்த்திருக்கிறேன். மூன்றாவது முறை சேர்ந்த இடத்தில் மறுபடி வந்தவர்களைத் தனி வரிசையில் உட்கார வைத்தார்கள். எல்லோர் முன்னாலும் நிற்க வைத்து, குடும்பத்தை எப்படி ஏமாற்றினோம் என்று சொல்லச் சொன்னார்கள். முதல் இரண்டு வாரம் கக்கூஸ் கழுவும் வேலை எங்களுக்கு. கட்டணம் முதலிலிருந்து முழுசாக. அம்மா அதற்காகக் கந்துவட்டிக்கு வாங்கினார்கள். இதெல்லாம் திருத்தும் என்று அவர்கள் நம்பினார்கள் போல. எனக்கு அது ஒன்றைத்தான் கற்றுக்கொடுத்தது: அடுத்த முறை தவறினால் யாரிடமும் சொல்லக் கூடாது.

எங்கள் வீட்டிலேயே இரண்டு தீராத நோய் இருந்தது, அம்மாவுக்குச் சுகர், எனக்கு இது. சொந்தத்தில் ஒரு கல்யாணம் முடிந்து வந்து அம்மாவுக்குச் சுகர் 340-க்கு ஏறியது. டாக்டர் சிரித்துக்கொண்டே, "பாயசம் நல்லா இருந்ததா?" என்று கேட்டுவிட்டு இன்சுலினைக் கொஞ்சம் கூட்டி எழுதி, பதினைந்து நாளில் வரச் சொன்னார். அம்மாவின் சிகிச்சை தோற்றுப்போனதாக யாரும் சொல்லவில்லை. தனி வரிசையில் உட்கார வைக்கவில்லை. போதைப் பழக்கத்துக்குச் சிகிச்சை எடுத்தவர்களில் மறுபடி திரும்புபவர்கள் நூற்றுக்கு 40 முதல் 60 பேர் என்று அமெரிக்கத் தேசிய போதை ஆய்வு நிறுவனம் சொல்கிறது. ரத்தக் கொதிப்பு, ஆஸ்துமா நோயாளிகள் பழையபடி மோசமாவதும் கிட்டத்தட்ட அதே அளவில்தான், சொல்லப்போனால் கொஞ்சம் அதிகம். அம்மாவுக்குக் கிடைத்த அந்த மரியாதை எனக்கும் கிடைத்திருந்தால் மூன்றாவது முறை தவறியபோது எட்டு மாதம் பாலத்தடியில் கிடந்திருக்க மாட்டேன்.

2019-இல் வெளியான மத்திய அரசின் கணக்கெடுப்பு, நாட்டில் ஏறத்தாழ 77 லட்சம் பேருக்கு ஓபியாய்டு பழக்கத்துக்காக உதவி தேவைப்படுகிறது என்றது. சட்டவிரோதப் போதைக்கு அடிமையானவர்களில் இருபது பேரில் ஒருவர்தான் எங்காவது உள்நோயாளியாகச் சேர்ந்து சிகிச்சை பெற்றிருக்கிறார். பத்தொன்பது பேர் அப்படி உள்ளே வந்து சேரவே இல்லை. அத்தனை பேரைத் தாண்டி வந்து சேர்ந்த அந்த ஒருவரைத்தான் கால் மணி நேரத்தில் கேட்டுக்கு வெளியே விடுகிறோம்.

நல்வாழ்வுத் துறைக்கு: 2025-இல் அரசு மருத்துவமனைகளில் 25 மையங்களைத் தொடங்கி அவற்றுக்குக் கலங்கரை என்று பெயர் வைத்தீர்கள். அந்தப் பெயரைக் கேட்டபோது எனக்குச் சந்தோஷமாக இருந்தது. கலங்கரை விளக்கம் கரையில் நிற்பவனுக்கு இல்லை, இன்னும் தண்ணீரில் இருப்பவனுக்கு. வீட்டுக்குப் போய்விட்ட எங்கள் மேலும் அந்த வெளிச்சம் விழ வேண்டும். ஒவ்வொரு மையத்திலும் வெளியே போனவர்களைக் கூப்பிடுவதற்கென்றே ஓர் ஆள் போடுங்கள். விட்டு சில வருடம் ஆனவர்களுக்கு அந்த வேலையைக் கொடுங்கள். மறுமுனையில் இருப்பவன் "நல்லா இருக்கேண்ணே" என்று சொல்லும் குரலை வைத்தே அவன் நல்லா இல்லை என்பது எங்களுக்குத் தெரிந்துவிடும். மையங்களைப் பரிசோதிக்க வரும்போது கட்டில் எத்தனை, கழிப்பறை எத்தனை என்று பார்ப்பதோடு, போன மாதம் டிஸ்சார்ஜ் ஆனவர்களின் 98-ஆம் பிரிவுத் திட்டத்தை எடுத்துக் காட்டச் சொல்லுங்கள். நலாக்சோன் ஆம்புலன்ஸ்காரரோடு நின்றுவிடாமல், அளவு மீறும்போது பக்கத்தில் இருக்கக்கூடிய குடும்பத்தார் கைக்கும் கிடைக்க வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2014-இல் பரிந்துரைத்தது. அந்த அம்மாவின் கைக்கு அது எப்படி வந்து சேரும் என்பதற்கு ஒரு வழி கண்டுபிடியுங்கள். போர்வையை இழுத்து மூடிவிட்ட அந்தக் கை என் மனதைவிட்டுப் போகவே இல்லை.

மையம் நடத்துபவர்களுக்கு: ஒரே ஒரு தாள் போதும், நல்ல தமிழில், பெரிய எழுத்தில். பழைய அளவு கொல்லும் என்று அதில் இருக்கட்டும். குறட்டை, நீல உதடு, எழாத தூக்கம், இவற்றைப் பார்த்தால் ஒருக்களித்துப் படுக்க வைத்து 108-ஐக் கூப்பிட வேண்டும், பக்கத்தைவிட்டு நகரக் கூடாது என்று இருக்கட்டும். உங்கள் மையத்தில் ராத்திரியும் எடுக்கும் ஒரு நம்பர் இருக்கட்டும். அதோடு 14446, 14416 என்ற அரசு உதவி எண்களும். வீட்டில் ஒட்டி வைக்க முடியாத வீடுகளும் உண்டு, பெண் பார்க்க வருவார்கள், சொந்தக்காரர்கள் வருவார்கள். அதனால் சட்டைப் பையில் மடித்து வைக்கும் அளவில் அச்சடியுங்கள். அனுப்பும்போது "திரும்ப வராதே" என்பதற்குப் பதில், "எது நடந்தாலும், எந்த நேரமானாலும் வா" என்று சொல்லுங்கள். ஏக்கம் வந்தால் அது அலை மாதிரி ஏறி அரை மணி நேரத்தில் பெரும்பாலும் இறங்கிவிடும். அந்த அரை மணி நேரத்துக்குப் பேச ஒரு குரல் இருந்தால் தாண்டிவிடலாம். நான் பல ராத்திரி அப்படித்தான் தாண்டினேன், பட்டறை வாசலில் உட்கார்ந்து டாக்டரம்மாவின் சோஷியல் வொர்க்கரிடம் பேசிக்கொண்டே.

இந்தக் கடிதத்தைப் படித்து முடித்ததும் உங்கள் டிஸ்சார்ஜ் நோட்டைக் கொஞ்சம் எடுத்துப் பாருங்கள். போன பத்து நாளில் வெளியே போனவர்கள் யார் யார் என்று அதில் இருக்கும். அவர்களில் கடைசியாகப் போனவர் ஒருவருக்கு இன்று சாயங்காலம் ஆறு மணிக்குப் போன் போடுங்கள். சாப்பிட்டாயா, வீட்டில் யார் இருக்கிறார்கள், நேற்று ராத்திரி தூங்கினாயா என்று கேளுங்கள். அவர் எடுக்கவில்லை என்றால், அவருடைய அம்மாவின் நம்பருக்குப் போடுங்கள்.

இப்படிக்கு,
உங்களிடம் நான்கு முறை வந்துபோன ஒருவன்,
வடசென்னை